வாங்காத கடனுக்கு யார் சாட்சி?

(காஞ்சிபுரத்தில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய படிப்பு வட்டத்தில் பேசியது. பதிவிலிருந்து எழுதியெடுத்து, பேச்சின் தொனி கெடாமல் சற்றே திருத்தப்பட்டது.)



கவிதை பற்றிப் பேசச் சொல்லித்தான் என்னை அழைத்தீர்கள். கவிதையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நான் வேலை செய்கிற வங்கிக் கவுண்டரில் கொஞ்ச காலமாகவே ஒரே வாக்கியத்தை வேறுவேறு வாய்களிலிருந்து கேட்டு வருகிறேன். "நான் வாங்கவே இல்ல சார்." சொல்கிறவர்களில் பெண்கள் அதிகம், அதிலும் நம் தெருப் பெண்கள் அதிகம். இந்த வாக்கியத்துக்கு வசூல்காரர்களிடம் ஒரே பதில்தான் இருக்கிறது: "வாங்கலேன்னா அதுக்கு ப்ரூஃப் குடும்மா."

இந்தப் பதிலைத்தான் இன்றைக்கு நாம் பிரித்துப் பார்க்க வேண்டும். கொடுத்தேன் என்று சொல்கிறவன் காட்ட வேண்டியதை, வாங்கவில்லை என்று சொல்கிறவள் காட்ட வேண்டும் என்கிறான். இருக்கிறது என்கிறவன்தானே காட்ட வேண்டும்? இல்லை என்கிறவர் எதைக் காட்டுவார்? கடவுள் விஷயத்திலேயே இந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகிய மண் இது. கடன் என்று வந்தவுடன் மட்டும் நமக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. ஏன் என்று யோசிக்க வேண்டும்.

ஒரு அக்கா. வேகவதி ஆற்றங்கரையில் குடிசை போட்டிருந்து, பிறகு கீழ்க்கதிர்ப்பூர் அடுக்குமாடிக்குப் பெயர்க்கப்பட்டவர். கல்யாண மண்டபங்களில் பாத்திரம் கழுவுகிற வேலை. ஒருநாள் பாஸ்புக்கோடு வந்து நின்றார். "எங்கூட்டாண்ட ரெண்டு பசங்க வந்து நாப்பதாயிரம் கட்டுன்றாங்க சார். இன்னா நாப்பதாயிரம்னு கேட்டா, இது உன் போட்டோ, இது உன் ஆதாரு, நீதானன்னு போன்ல காட்றாங்க. போட்டோ என்னுதுதான் சார். கடன் என்னுது இல்ல."

போட்டோ என்னுது, கடன் என்னுது இல்ல. இவ்வளவு சுருக்கமாக நான் ஒரு வரி எழுதியதில்லை.

விசாரித்தபோது மெல்ல மெல்ல வெளியே வந்தது. குழுக்கடன் வாங்கித் தருவதாகத் தெருவுக்கு வந்த ஒருவர் ஆதார் ஜெராக்ஸ் வாங்கியிருக்கிறார். ரெண்டு போட்டோ வாங்கியிருக்கிறார். போனை முகத்துக்கு நேரே பிடித்துக் கண்ணைச் சிமிட்டச் சொல்லியிருக்கிறார், தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பச் சொல்லியிருக்கிறார். "கேமரா நல்லாகீதான்னு பாக்குறாருன்னு நெனச்சேன்" என்றார் அக்கா. குழுக்கடன் வரவில்லை. ஆனால் அவர் கண்ணாலும் பார்க்காத ஒரு பான் கார்டு அவர் பெயரில் பிறந்துவிட்டது. அவர் கால் வைக்காத ஊரில், வேறொரு வங்கியில், ஒரு கணக்கு திறந்துவிட்டது. யாருடையதோ ஒரு செல்போன் எண் அவருடைய எண்ணாகிவிட்டது. கடன் அந்தக் கணக்குக்குள் போய், அன்றைக்கே வெளியே போய்விட்டது. தவணை தவறியதற்கான கடிதங்கள் எங்கே போயின என்று கேட்டால், வேகவதிக் கரை முகவரிக்கு. இடித்துப்போட்ட குடிசைக்கு எந்தத் தபால்காரர் போவார்? நோட்டீஸ் கொடுக்கக் கிடைக்காத ஆள் வசூலுக்கு மட்டும் சரியாகக் கிடைத்துவிட்டார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இது ஏதோ கம்ப்யூட்டர் வந்ததால் வந்த புதுக் கோளாறு என்று பேசுகிறார்கள். பத்திரிகைகள் 'சைபர் குற்றம்' என்று தனிப் பக்கம் ஒதுக்குகின்றன. நான் அப்படிப் பார்க்கவில்லை. நம் பெயரில் நாம் படிக்காத காகிதம் எழுதப்படுவது இந்த ஜில்லாவில் புதிதா என்ன?

1891-இல் செங்கல்பட்டு ஜில்லா கலெக்டராக இருந்த திரமென்ஹீர், பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். காஞ்சிபுரம் அப்போது அந்த ஜில்லாவில்தான் இருந்தது. கடனுக்காகப் பண்ணையில் கட்டுண்டு கிடந்த படியாள்களைப் பற்றி அதில் இருக்கிறது. அந்த அறிக்கையின் தொடர்ச்சியாகத்தான் 1892-இல் பஞ்சமி நிலம் வந்தது. நிலம் நம் பெயருக்கு வந்தது, பிறகு நம் பெயரிலிருந்து போனது. எப்படிப் போனது? கத்தியைக் காட்டிப் பிடுங்கியதை விடக் காகிதத்தைக் காட்டிப் பிடுங்கியது அதிகம். கைநாட்டு வாங்கிய ஒரு தாள், அதில் பிறகு எழுதப்பட்ட வாசகம். தாள் யார் பெட்டியில் இருக்கிறதோ அவன் சொல்வதே உண்மை. 1994 அக்டோபர் 10-ஆம் தேதி, காரணைப் பஞ்சமி நிலத்துக்கான போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்களை இழந்தோம். அந்தப் போராட்டமும் அடிப்படையில் ஒரு பெயரைப் பற்றியதுதான். ஆவணத்தில் இருக்க வேண்டிய பெயர் யாருடையது என்பதைப் பற்றியது.

நம் ஊர்த் தறிக்கு வருவோம். காஞ்சிபுரம் பட்டு என்றால் காந்தி ரோடு கடைகளின் கண்ணாடிதான் வெளியூர்க்காரனுக்குத் தெரியும். பிள்ளையார்பாளையத்தில், சுற்றுக் கிராமங்களில் குழித்தறிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பவரை அவன் பார்ப்பதில்லை. கோர்வை போடுகிற சேலைக்கு நெய்பவர் ஒருவர் போதாது. கரைக்கான நாடாவை எறிந்து கொடுக்கப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். அந்தப் பக்கத்து ஆள் நெடுங்காலம் ஒரு குழந்தையாக இருந்தது. எங்கிருந்து வந்தது அந்தக் குழந்தை? அட்வான்ஸிலிருந்து வந்தது. வீட்டில் சாவு, கல்யாணம், வைத்தியம் என்று முன்பணம் வாங்குவார்கள். குழந்தை தறிக்குப் போகும். கூலியில் பிடித்துக்கொண்டே இருப்பார்கள், முன்பணம் அப்படியே இருக்கும். 2003 ஜனவரியில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டது. காஞ்சிபுரமும் அதில் இருக்கிறது. அந்தக் குழந்தைகளில் தலித்துகள் அதிகம் என்பதையும் அது சொல்கிறது. 'சில்லறை' என்று பொருள்படும் தலைப்பு. அந்தச் சில்லறையை எழுதிவைத்த நோட்டு எப்போதும் முதலாளி வீட்டு அலமாரியில்தான். கடன் வாங்கியது அப்பன், நோட்டில் பெயர் பிள்ளையுடையது. இதை நாம் 'அடையாளத் திருட்டு' என்று அப்போது சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இனி வேறு எங்கோ நெய்ததை 'காஞ்சிபுரம் பட்டு' என்று விற்றால் சட்டப்படி குற்றம். நல்லது, வேண்டாமென்று சொல்லவில்லை. சேலையின் பெயரைத் திருடக் கூடாது என்று சட்டம் இருக்கிற ஊரில், தறிமேட்டில் உட்கார்ந்தவளின் பெயரைத் திருடினால் 'நீயே ப்ரூஃப் கொண்டு வா' என்கிறார்கள்.

ஆனால் இந்த வரலாற்றுக்குள்ளேயே நமக்கு ஒரு ஆயுதமும் கிடைக்கிறது. 1976-ஆம் வருடக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம். அதன் 15-ஆம் பிரிவைச் சட்டம் படிக்கிற மாணவர்கள் எடுத்துப் பாருங்கள். ஒரு கொத்தடிமைத் தொழிலாளி 'இது கொத்தடிமைக் கடன்' என்று சொன்னால், அது அப்படிப்பட்ட கடன் இல்லை என்று நிரூபிக்கிற பொறுப்பு கடன் கொடுத்தவனுடையது என்று அது சொல்கிறது. நிரூபிக்கிற பாரத்தைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். ஏனென்றால் நோட்டு அந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று சட்டத்தை எழுதியவனுக்குத் தெரிந்திருந்தது. இந்த ஒரு பிரிவை நடைமுறைப்படுத்த எத்தனை தாலுக்கா ஆபீஸ் வாசலில் நம் தோழர்கள் உட்கார வேண்டியிருந்தது என்பது வேறு கதை. நம் அக்காவின் நாற்பதாயிரம் கொத்தடிமைக் கடன் அல்ல. அந்தச் சட்டம் அவருக்கு நேரடியாகப் பொருந்தாது. நான் சொல்வது அந்தத் தர்க்கத்தை. நோட்டு யாரிடம் இருக்கிறதோ அவன்தான் சாட்சி சொல்ல வேண்டும். இன்றைக்கு நோட்டு கம்ப்யூட்டரில் இருக்கிறது. கம்ப்யூட்டர் யாரிடம் இருக்கிறது?

பெரிய அளவில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். 2021 நவம்பரில் இண்டஸ்இண்ட் வங்கி ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டது. அதன் நுண்கடன் துணை நிறுவனம் அந்த வருடம் மே மாதத்தில் ஏறத்தாழ 84,000 கடன்களை, வாடிக்கையாளர் சம்மதம் பதிவாகாமலேயே, வழங்கியிருக்கிறது. காரணம் 'தொழில்நுட்பக் கோளாறு' என்றார்கள், கோளாறைச் சரிசெய்துவிட்டோம் என்றார்கள், பழைய கடனை மறைக்கப் புதுக்கடன் கொடுத்தோம் என்ற குற்றச்சாட்டை மறுத்தார்கள். செப்டம்பர் கடைசியில் அதில் 26,073 பேருக்கு 34 கோடி பாக்கி நின்றது என்றும் அவர்களே கணக்குச் சொன்னார்கள். மகளிர் குழுவில் உட்கார்ந்து வாரத் தவணை கட்டுகிற பெண்கள் இவர்கள். 84,000 பேரின் சம்மதம் பதிவாகவில்லை என்றால் அதற்குப் பெயர் கோளாறு. அந்த 84,000 பேரில் ஒருத்தி ஒரு வாரம் தவணை கட்டாவிட்டால் அதற்குப் பெயர் என்ன? அது மட்டும் கோளாறு ஆகாது, 'டீஃபால்ட்'.

தஞ்சாவூர் ஜில்லா பாபநாசம் பக்கம் திருமண்டங்குடி. அங்கே திரு ஆரூரான் சர்க்கரை ஆலை. கரும்பு கொடுத்த விவசாயிகளின் பெயரில் அவர்களுக்கே தெரியாமல் வங்கிகளில் கடன் எடுக்கப்பட்டது, சுமார் 300 கோடி வரை என்பது விவசாயிகளின் குற்றச்சாட்டு. கரும்புப் பாக்கியும் வரவில்லை, வங்கியிலிருந்து நோட்டீஸ் மட்டும் வந்தது. ஆலை திவால் நடவடிக்கைக்குப் போய் வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறியது. ஆலை கை மாறிவிட்டது, கடன் மட்டும் விவசாயியின் பெயரிலேயே உட்கார்ந்திருந்தது. பெயர் கெட்டுப்போனதால் வேறு பயிர்க்கடனும் கிடைக்கவில்லை. 2022 நவம்பர் 30-இல் ஆலை வாசலில் உட்கார்ந்தவர்கள் ஒரு வருடத்தைத் தாண்டியும் உட்கார்ந்திருந்தார்கள். நிலம் இருக்கிறவர், சங்கம் இருக்கிறவர், கொடி இருக்கிறவர் கதி இது. நம் கீழ்க்கதிர்ப்பூர் அக்காவுக்குச் சங்கமும் இல்லை, உட்காருவதற்கு ஒரு ஆலை வாசலும் இல்லை. எந்த ஊரில் இருக்கிறது என்றே தெரியாத ஒரு கம்பெனிக்கு எதிராக எங்கே போய் உட்காருவார்?

இதோடு ஒப்பிட இன்னொன்று. 2022 பிப்ரவரியில் நடிகை சன்னி லியோன், தன்னுடைய பான் எண்ணை வைத்து யாரோ 2,000 ரூபாய் கடன் வாங்கிவிட்டார்கள் என்று பொதுவெளியில் எழுதினார். சீக்கிரமே சரிசெய்து கொடுத்தார்கள், அவரும் நன்றி சொல்லிவிட்டார். அதே வருடம் ஏப்ரலில் நடிகர் ராஜ்குமார் ராவ் 2,500 ரூபாய்க் கடன் பற்றி இதே புகாரைச் சொன்னார். அவர்களுக்கு நடந்ததும் அநியாயம்தான், எனக்கு அவர்கள்மேல் ஒரு வருத்தமும் இல்லை. நான் கவனிப்பது வேறு. நடிகையிடம் யாரும் 'நீ வாங்கலேன்னு ப்ரூஃப் குடு' என்று கேட்டதாகத் தெரியவில்லை. அவர் சொன்னதே சாட்சியாக எடுத்துக்கொள்ளப்பட்டது. ஆக, சொல்லைச் சாட்சியாக ஏற்றுக்கொள்ள அவர்களுக்கும் தெரியும். யாருடைய சொல்லை என்பதில்தான் சாதியும் வர்க்கமும் வந்து உட்காருகின்றன.

இனி அந்த ரெண்டு பையன்கள். இதை நாம் நேர்மையாகப் பேச வேண்டும். வசூலுக்கு வந்தவர்களில் ஒருவன் நம் பையன். பி.காம். முடித்தவன், பக்கத்துக் காலனி. சம்பளம் சொற்பம், வசூலாகிற தொகையில் கமிஷன். கம்பெனிக்கும் அவனுக்கும் நடுவில் ஏஜென்சி, ஏஜென்சிக்குக் கீழே இன்னொரு ஏஜென்சி. இங்கே உட்கார்ந்திருக்கிற மாணவர்களில் சிலர் அடுத்த வருடம் இந்த வேலைக்குப் போகலாம். குற்றம் சொல்லவில்லை, வேறு வேலை எங்கே இருக்கிறது? ஆனால் அந்தப் பையனை ஏன் அந்தத் தெருவுக்கு அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். நம் தெருவில் எந்த வீட்டு வாசலில் நின்று கத்தினால் எத்தனை வீட்டுக்குக் கேட்கும் என்று அவனுக்குத் தெரியும். யாருக்கு யார் முன்னால் மானம் போகும் என்று தெரியும். வசூல் தொழிலின் மூலதனம் பணம் அல்ல, நம் மானம். வாங்காத கடனைக்கூட நம் பெண்கள் வட்டிக்கு வாங்கிக் கட்டிவிடுகிறார்களே, எதற்காக? "தெருவுல நின்னு கத்தறாங்க சார், பொண்ணு பாக்க வர்ற நேரம்" என்று ஒரு அம்மா என்னிடம் சொன்னார். அவர் கட்டிவிட்டார். பத்து ரூபாய் வட்டிக்கு வாங்கிக் கட்டினார். போலிக் கடன் தீர்ந்தது, அசல் கடன் தொடங்கியது.

ஆகவே முதல் வேலை, பயத்தைப் பொதுவாக்குவது. வாசலில் ஒருவன் வந்து நின்றால் அந்த வீட்டுக்காரி மட்டும் நிற்கக் கூடாது, தெரு நிற்க வேண்டும். அடிக்கச் சொல்லவில்லை. கேள்வி கேட்கச் சொல்கிறேன். உன் அடையாள அட்டை எங்கே? எந்தக் கம்பெனி உன்னை அனுப்பியது, அதற்கான கடிதம் எங்கே? வசூல் ஏஜெண்டு அடையாள அட்டையும் அனுமதிக் கடிதமும் வைத்திருக்க வேண்டும், எந்த ஏஜென்சியை அனுப்புகிறோம் என்று கடன்காரருக்கு முன்பே தெரிவிக்க வேண்டும் என்று 2008 ஏப்ரலிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு எழுதியது. அதே சுற்றறிக்கையில் இன்னொரு வரி இருக்கிறது, அதுதான் நமக்கு முக்கியம்: கடன்காரர் புகார் கொடுத்திருந்தால், அந்தப் புகாருக்கு முடிவு சொல்லாமல் விஷயத்தை வசூல் ஏஜென்சிக்கு அனுப்பக் கூடாது. வேண்டுமென்றே திரும்பத் திரும்ப வீண் புகார் கொடுக்கிறவர்களுக்கு மட்டும் விலக்கு. ஆகவே புகார் எழுத்தில் போய்ச் சேர்ந்துவிட்டால், அதன் பிறகு வாசலுக்கு வருகிறவன் விதியை மீறி வருகிறான். 2022 ஆகஸ்ட் 12 சுற்றறிக்கையில் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காகப் போன் செய்யக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். ராத்திரி பத்து மணிக்கு வருகிற போனை எடுத்து அழுவதற்குப் பதிலாக நேரத்தைக் குறித்து வையுங்கள்.

சாதியைச் சொல்லித் திட்டினால் அது வேறு வழக்கு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எஸ்) பிரிவு, பொதுப் பார்வையில் படும் இடத்தில் சாதிப் பெயரைச் சொல்லி இழிவாகப் பேசுவதைக் குற்றமாக்குகிறது. தெருவில் கத்துவது பொதுப் பார்வைதான். போனில் பேசியதை இதில் நிறுத்துவது கஷ்டம். ஆகவே எது எங்கே நடந்தது, யார் யார் கேட்டார்கள் என்பதை அன்றைக்கே எழுதுங்கள். தமிழ்நாட்டில் 2003-இல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. 2025-இல் கடன் வழங்கும் நிறுவனங்களின் கட்டாய வசூலைத் தடுக்கத் தனிச் சட்டமும் வந்திருக்கிறது. 2017 அக்டோபரில் திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஒரு குடும்பமே, குழந்தைகளோடு, தீக்குளித்தது. கந்துவட்டிச் சட்டம் அப்போது பதினாலு வயது ஆகியிருந்த சட்டம். சட்டம் இருப்பது வேறு, அது நம் தெருவுக்கு வந்து சேருவது வேறு.

இப்போது காகிதத்துக்கு வருகிறேன். கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்து பழகியவன் என்பதால் எனக்குத் தெரிந்த ஒன்றை உங்களிடம் கொடுத்துவிட வேண்டும். வசூல்காரனிடம் 'நான் வாங்கவில்லை' என்று ஆயிரம் முறை சொல்லாதீர்கள். ஒரே கேள்வி கேளுங்கள்: பணம் எந்தக் கணக்குக்குப் போச்சு?

இது சின்னக் கேள்வி அல்ல. செயலி வழிக் கடன்களுக்கு 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட விதிகளின்படி, கடன் தொகை கடன்காரரின் வங்கிக் கணக்குக்கு நேராகப் போக வேண்டும். நடுவில் வேறு யார் கணக்கிலும் நுழையக் கூடாது. நேராகப் போயிருந்தால் அந்தக் கணக்கின் எண்ணைச் சொல்லட்டும். அந்தக் கணக்கு திறந்தபோது எடுத்த போட்டோ, கொடுத்த செல் எண், கையெழுத்து எல்லாம் ஏதோ ஒரு வங்கியில் இருக்கும். கடன் ஒப்பந்தத்தின் நகல், எந்த எண்ணுக்கு ஓ.டி.பி. போனது, எந்த ஊரிலிருந்து, எந்தத் தேதி என்று எழுத்தில் கேளுங்கள். நம் அக்காவுக்காக நானும் இங்கே இருக்கிற இரண்டு மாணவர்களும் உட்கார்ந்து எழுதிய கடிதத்தில் இருந்ததெல்லாம் இவ்வளவுதான். ஒரு இடத்திலும் கெஞ்சவில்லை. 'கடனைத் தள்ளுபடி செய்யுங்கள்' என்று எழுதவில்லை. தள்ளுபடி என்று எழுதினால் கடன் இருக்கிறது என்று ஆகிவிடும். 'இது என் கடன் அல்ல, என் கடன்தான் என்பதற்கு உங்களிடம் உள்ளதைக் காட்டுங்கள்' என்று எழுதினோம்.

ஒரு ரூபாய்கூடக் கட்டக் கூடாது. "சும்மா ஐநூறு கட்டும்மா, நான் மேல சொல்லிக்கிறேன்" என்பான். கட்டினால் அதுவே நீங்கள் ஒப்புக்கொண்டதற்குச் சாட்சி என்பான். எழுதிக் கொடுப்பது இன்னும் ஆபத்து. 1963 காலவரையறைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவின்படி, கெடு முடிவதற்குள் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டால் அந்தத் தேதியிலிருந்து கெடு புதிதாக ஓடத் தொடங்கும். அப்புறம் இந்த 'செட்டில்மெண்ட்' என்ற சொல். பாதி கட்டு, முடித்துவிடுகிறோம் என்பார்கள். கடன் அறிக்கையில் அது 'செட்டில்டு' என்று பதிவாகும். அதாவது வாங்கினாள், முழுசாகக் கட்டவில்லை என்று பொருள். வாங்காதவளுக்கு இது இரட்டை அவமானம்.

கடன் அறிக்கை என்றால் என்ன என்று பின்னால் ஒரு தோழர் கேட்கிறார். சிபில், ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு கம்பெனிகள். 2005-ஆம் வருடச் சட்டம் ஒன்றின்கீழ் இயங்குகின்றன. நாம் யார், கடன் கொடுக்கலாமா கூடாதா என்று இவர்கள் வைத்திருக்கிற பதிவேடுதான் எல்லா வங்கியும் பார்ப்பது. கிராமத்தில் கர்ணம் வைத்திருந்த கணக்கைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வித்தியாசம்: இந்தக் கணக்கைப் பார்க்க நமக்கும் உரிமை இருக்கிறது. 2017 ஜனவரியிலிருந்து ஒவ்வொரு கம்பெனியும் வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். தப்பு இருந்தால் கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் இந்தக் கம்பெனிக்கும் புகார் எழுத வேண்டும். 2023 அக்டோபர் 26-இல் போட்ட உத்தரவின்படி 30 நாளுக்குள் சரிசெய்யாவிட்டால், அதற்குப் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் நமக்கு நஷ்டஈடு. நூறு ரூபாய்தானே என்று சிரிக்காதீர்கள். தாமதத்துக்கு நாம் கட்டியே பழகியவர்கள். தாமதத்துக்கு அவர்கள் நமக்குக் கட்ட வேண்டும் என்று எழுதியிருப்பதை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

போலீஸ் ஸ்டேஷன் பற்றிச் சொல்லாமல் விட்டால் நீங்கள் என்னை நம்பமாட்டீர்கள். ஸ்டேஷனுக்குப் போனால் சைபர் கிரைமுக்குப் போ என்பார்கள். சைபர் கிரைமுக்குப் போனால் பேங்குக்குப் போ என்பார்கள். பேங்கில் என்னைப் போல ஒருவன் உட்கார்ந்துகொண்டு இது எங்கள் பேங்க் இல்லையே என்பான். இந்த வட்டத்தில்தான் முக்கால்வாசிப் பேர் களைத்துப்போய்க் கட்டிவிடுகிறார்கள். அந்த அக்கா நான்கு முறை கூலியை விட்டுவிட்டு அலைந்தார். நான்காவது முறை இரண்டு சட்ட மாணவர்களும் கூடப் போனார்கள், அன்றைக்குத்தான் சி.எஸ்.ஆர். ரசீது கிடைத்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி, அடையாளத் திருட்டு, மூன்று வருடம் வரை சிறை. இந்த எண்ணை வாயால் சொல்லத் தெரிந்தவர் எதிரே நிற்கும்போது ரைட்டர் பேனாவை எடுக்கிறார். 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து பதிவு செய்தாலும் ஸ்டேஷன் ரசீதை விடாதீர்கள். அந்த ரசீதின் நகலைக் கடிதத்தோடு சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். முப்பது நாளில் பதில் இல்லை. ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளருக்குப் போனோம். கடனைப் பதிவிலிருந்து நீக்கிவிட்டதாக இரண்டே வரியில் பிறகு கடிதம் வந்தது. அந்தப் பணம் போன கணக்கு யாருடையது என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. வருத்தம் தெரிவித்து ஒரு சொல்லும் இல்லை. இரண்டு மாதம் கழித்து அதே கடனுக்கு வேறொரு ஏஜென்சியிலிருந்து போன் வந்தது. இந்த முறை அக்கா அழவில்லை. "லெட்டரு எங்கைல கீது, உங்கைல இன்னா கீது?" என்று கேட்டிருக்கிறார்.

முன்னெச்சரிக்கை பற்றி ஒரு வார்த்தை. ஆதாரைக் கொடுக்காதே என்று சொல்வது சுலபம். பொங்கல் பரிசுக்கு ஜெராக்ஸ், சிலிண்டருக்கு ஜெராக்ஸ், நூறுநாள் வேலைக்கு ஜெராக்ஸ். கொடுக்காமல் இருக்க நமக்கு வசதி கிடையாது. 2020-இல் பிரதமரின் விவசாயி நிதித் திட்டத்தில் தமிழ்நாட்டில் தகுதியில்லாத 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பெயர் சேர்க்கப்பட்டு 110 கோடி ரூபாய் போனது வெளியே வந்ததே, நினைவிருக்கிறதா? கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை என்று வடமாவட்டங்களில்தான் அதிகம். புரோக்கர் கேட்டான், ஆதாரையும் பாஸ்புக்கையும் கொடுத்தார்கள். பிறகு அவர்கள் கணக்கிலிருந்தே பணத்தைத் திரும்ப எடுத்தார்கள். ஜெராக்ஸின் மேல் குறுக்கே 'இன்ன வேலைக்கு மட்டும்' என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள், அதுவாவது நம் கையில் இருக்கிறது. நம் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்க முடியும். அக்கா பெயரில் மூன்று இருந்தன. அவரிடம் இருந்தது ஒன்று.

மாணவர்களிடம் ஒரு வேலை ஒப்படைத்துவிட்டு முடிக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை கீழ்க்கதிர்ப்பூரில் ஒரு பிளாக்கை எடுத்துக்கொள்வோம். வீடு வீடாகப் போய், அவர்கள் கண்ணெதிரே, அவர்கள் போனிலேயே கடன் அறிக்கையை எடுத்து வாசித்துக் காட்ட வேண்டும். அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும், தமிழில் சொல்லுங்கள். யாருடைய ஓ.டி.பி.யையும் நீங்கள் எழுதி வைத்துக்கொள்ளக் கூடாது, யாருடைய ஆதாரையும் உங்கள் போனில் போட்டோ எடுக்கக் கூடாது. ஏற்கெனவே ஒருவன் அப்படி வந்து போன தெரு அது, உங்களையும் சந்தேகப்படுவார்கள், படட்டும். தெரியாத கடன் எந்த வீட்டில் வந்தாலும் ஒரு நோட்டில் கம்பெனி பெயர், தேதி, தொகை, பணம் போன கணக்கு என்று நான்கு பத்தி போட்டுக் குறியுங்கள். ஒரே கம்பெனி பெயர் பத்து வீட்டில் வந்தால் பத்துக் கடிதம் எழுத வேண்டாம், ஒன்றாகப் போவோம். தபால் செலவுக்கு நான் தருகிறேன். நோட்டு அந்தத் தெருப் பெண்களிடமே இருக்கட்டும்.